தட்டுக்குள் அடங்கும் மீன்: உயிர்மீன் தொட்டியின் முன் நிற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்ணாடித் தொட்டியைச் சுட்டிக்காட்டி மீன் தேர்ந்தெடுத்து விருந்து வைக்கும் அன்பர்களுக்கும், அத்தொட்டிகளை வைத்திருக்கும் கடலுணவக உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

மலேசியாவின் சபா மாநிலத்தில் விமானச் சரக்குத் துறையில் 11 ஆண்டுகள் ஆவண எழுத்தராக வேலை பார்த்தவன் என்பதற்கு மேல் இந்த மடலை எழுத எனக்கு வேறு தகுதி கிடையாது. கடலியல் படித்தவன் அல்லன். ஆனால், உயிரோடு அனுப்பப்படும் மீன் எப்படிப் பொதியப்படுகிறது, எந்தப் பெயரில் தாளில் ஏறுகிறது, எத்தனை மணி நேரத்தில் எந்த ஊர்த் தொட்டியில் போய் இறங்குகிறது என்பதையெல்லாம் அந்த மேசையிலிருந்து பார்த்திருக்கிறேன். வேலையை விட்டு விலகிய பிறகு, 44 வயதில் முக்குளிக்கக் கற்றுக்கொண்டு, அதே மீனை அதன் இருப்பிடத்திலும் பார்த்தேன். விருந்து மேசைக்கு ஏற்ற அளவு என்று நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ, அந்த அளவுதான் இந்த மீனினத்தைத் தேய வைக்கிறது என்பதே நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி.

எந்த மீன் என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வழியில் நெப்போலியன் மீன் என்றும், மலாய் மொழியில் மாமெங் என்றும், கன்டோனீஸ் பேசுவோரிடம் சோ மெய் என்றும் இது வழங்குகிறது. அறிவியற் பெயர் கெய்லினஸ் அண்டுலேட்டஸ். பவளத்திட்டுகளில் வாழும் ராஸ் மீன்களின் குடும்பத்தில் இதைவிடப் பெரியது வேறில்லை. முற்ற வளர்ந்த ஆண்மீனின் நெற்றி முன்தள்ளிப் புடைத்து, நெப்போலியனின் தொப்பியைப் போலத் தெரிவதால் அந்தப் பெயர் வந்தது. சோ மெய் என்பதிலுள்ள மெய் என்ற சொல்லுக்குக் கன்டோனீஸில் புருவம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்கும். ஆனாலும் பொருத்தமான பெயர்தான். கண்ணுக்குப் பின்னால் மை தீட்டியது போல ஓடும் இரண்டு கருங்கோடுகளை ஒரு முறை பார்த்துவிட்டால், இந்த மீனை வேறெந்த மீனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. நானும் ஒரு முறை குழப்பிக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த மடல்.

சபா மாநிலம் இந்த மீனின் ஏற்றுமதியை 2010இல் நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு மழைக்கால மாலையில், வெளிநாட்டுக்குப் போக வேண்டிய 14 பெட்டிகள் எங்கள் மேசைக்கு வந்தன. உயிர்மீன் பொதி எப்படியிருக்கும் என்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைப் போலிஸ்டிரீன் பெட்டிக்குள் தடித்த பிளாஸ்டிக் பை, பைக்குள் மூன்றில் ஒரு பங்கு கடல்நீர், மீதி இடத்தில் ஆக்சிஜன், வாயை இறுகக் கட்டிய ரப்பர் வளையம், பைக்கு ஒரு மீன். தாளில் "உயிருள்ள கெராப்பு" என்று இருந்தது. கெராப்பு என்பது நம்மூர்க் களவா மீன். ஒரு பெட்டியின் மூலை நனைந்து ஒழுகியதால், கசிவு எங்கே என்று பார்ப்பதற்காக ஒட்டுநாடாவைக் கிழித்து மூடியைத் தூக்கினேன். ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வெளிறிய பச்சை, செதிலுக்குச் செதில் மெல்லிய கீற்று, தடித்த உதடு, கண்ணுக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். செவுள் மெதுவாகத் திறந்து மூடியது. உடல் அசையவில்லை, கண் மட்டும் சுழன்று என் பக்கம் திரும்பியது.

மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "மீன் மீன்தான், கசிவை அடைத்து ஏற்று, விமானம் காத்திருக்காது" என்றார். அடைத்தேன். ஏற்றினேன். தாளில் கையெழுத்திட்டேன். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தாளில் இருந்த கையெழுத்து என்னுடையது. மீதி 13 பெட்டிகளை நான் திறந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை.

ஒன்றரைச் சாண் என்ற அந்த அளவைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உணவகத்தில் நீள்வட்டத் தட்டில் தலையும் வாலும் வெளியே நீளாமல், இஞ்சியும் வெங்காயத்தாளும் தூவி, ஆவியில் வெந்த முழு மீனாக மேசை நடுவில் வைக்க ஏற்ற அளவு ஏறத்தாழ 30 முதல் 50 சென்டிமீட்டர். எடை ஒரு கிலோவை ஒட்டியிருக்கும். பத்துப் பேர் சுற்றி உட்காரும் மேசைக்கு இதுவே வசதி. இதைவிடப் பெரிய மீனை வெட்டித்தான் பரிமாற வேண்டும். வெட்டினால் முழு மீன் வைத்த மங்கலமும் மதிப்பும் போய்விடும் என்பது வழக்கம். வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. நம் வீட்டுப் பந்தியில் வாழையிலையின் நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில் நாம் காட்டும் பிடிவாதத்தைவிட அது பெரிதல்ல.

இனி மீனின் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். நெப்போலியன் மீன் 5 முதல் 7 வயதில்தான் முதன்முதலாக முட்டையிடத் தயாராகிறது. அப்போது அதன் நீளம் ஏறத்தாழ 35 முதல் 50 சென்டிமீட்டர். அதாவது, தட்டின் அளவும் இனப்பெருக்கத்தின் தொடக்கமும் ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. தொட்டியில் நீங்கள் சுட்டிக்காட்டும் மீன் பெரும்பாலும் ஒரு முறைகூட முட்டையிடாத மீன், அல்லது அப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய மீன். விட்டுவைத்தால் இது 2 மீட்டரைத் தாண்டி வளரும். 190 கிலோ வரை எடை கூடும். 30 ஆண்டுகள் வரை வாழும். அந்த நீண்ட வாழ்நாளில், நாம் தட்டில் வைப்பது அதன் பள்ளிப் பருவத்தை.

இதோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த மீன்களில் பெரும்பாலானவை பெண்ணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் முட்டையிட்டு, ஏறத்தாழ 9 வயதுக்குமேல் அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. நெற்றி புடைத்த பெரிய ஆண் என்பது, ஒரு காலத்தில் பெண்ணாக இருந்து, வலைக்கும் தூண்டிலுக்கும் ஈட்டிக்கும் தப்பி, அந்த வயதை எட்டிய மீன். ஆகவே சிறியதை எடுத்தால் வருங்காலத் தாயும் போகிறது, அதற்கும் அப்பால் வரவேண்டிய தந்தையும் போகிறது. பந்தலில் சுரைக்காய் காய்க்கும்போது, நல்ல காய் ஒன்றை விதைக்கென்று முற்ற விட்டு, வீட்டில் யாரும் அதில் கைவைக்காதபடி என் பாட்டி துணி கட்டி அடையாளம் வைப்பார். இந்த மீனைப் பொறுத்தவரை, விதைக்காய் ஆகும் வயதுக்கு முன்பே ஒவ்வொரு காயையும் பிஞ்சில் பறித்துக்கொண்டிருக்கிறோம். விட்டுவைத்த ஒன்றிரண்டு முற்றிய காயையும் இரவில் வந்து ஈட்டிக்காரர்கள் பறித்துவிடுகிறார்கள். இரவில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மீன் பகலில் நடமாடி, இரவில் பவளப் பாறையின் குகைக்குள்ளோ விளிம்புக்கு அடியிலோ போய் உறங்கும். அதே இடத்துக்கு மீண்டும் மீண்டும் வரும். விளக்கோடு இறங்குபவருக்கு அதைவிட எளிய இலக்கு இல்லை.

அது எங்கே வாழ்கிறது என்பதையும் சொன்னால்தான் இந்தக் கணக்கு முழுமையாகும். செங்கடலிலிருந்து பசிபிக்கின் துவாமோத்துத் தீவுகள் வரை அதன் எல்லை பரந்து கிடக்கிறது. எல்லை பெரியது என்பதால் எண்ணிக்கையும் பெரியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மீன்பிடிப்பே இல்லாத நல்ல பவளத்திட்டிலும் ஒரு ஹெக்டேருக்கு 20 மீனைத் தாண்டுவது அரிது. ஒரு ஹெக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். அந்தப் பரப்பில் ஒரு பள்ளிக்கூடத்தையே விளையாட்டுத் திடலோடு கட்டிவிடலாம். பிடிப்பு நடக்கும் இடங்களில் ஒன்றைக்கூடக் காணாமல் நாள் முழுக்க நீந்தலாம். எப்போதுமே அரிதாக வாழ்வதுதான் இதன் இயல்பு. மத்தி மீனைப் போலக் கூட்டம் கூட்டமாக இழந்துவிட்டு, அடுத்த பருவத்தில் நிமிர்ந்து எழக்கூடிய இனம் அல்ல இது.

குஞ்சுகள் காயல் போன்ற ஆழமில்லாத உள்நீரில், கடற்புல் படுகைகளிலும் கிளைக் கொம்பு போன்ற பவளங்களுக்கு நடுவிலும் ஒளிந்து வளர்கின்றன. வளர வளர, திட்டின் வெளிச்சரிவுக்கும், கடல் செங்குத்தாக ஆழத்தில் இறங்கும் சுவர்களுக்கும் இடம்பெயர்கின்றன. முட்டையிடும் காலத்தில், திட்டின் விளிம்பில் குறிப்பிட்ட சில இடங்களில், நீரோட்டத்தின் போக்குப் பார்த்துக் கூடுகின்றன; சில இடங்களில் நூறுக்கும் மேற்பட்ட மீன்கள். ஆண்மீன் தனக்கென்று ஒரு பகுதியை வைத்துக்கொண்டு அங்கே சுற்றிவர, பெண்மீன்கள் ஒவ்வொன்றாக அதோடு சேர்ந்து மேலெழும்பி முட்டையை நீரில் விடுகின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த முட்டைகள் நீரோட்டத்தோடு திறந்த கடலுக்குப் போகின்றன. கூடும் இடம் எது என்பது மீனவர்களுக்குத் தெரிந்துவிட்டால், சுற்றுவட்டாரத்தின் மொத்த இனப்பெருக்கத்தையும் ஒரே இடத்தில் அள்ளிவிட முடியும். ஆக, கடற்புல்லை அழித்தாலும் இந்த மீன் போகும். வெளிச்சரிவைச் சிதைத்தாலும் போகும். இரண்டையும் விட்டுவைத்து நடுவில் தட்டின் அளவுக்கு வந்ததை மட்டும் எடுத்தாலும் போகும்.

சபாவை ஒட்டிய சிப்பாடான் தீவில் இந்த மீனை நான் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு இவ்வளவும் தெரியாது. கடலடியிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கும் அந்தத் தீவில், தங்கும் விடுதிகளையெல்லாம் 2004இன் இறுதியில் அரசு அகற்றிவிட்டது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் நீரில் இறங்கலாம் என்று அனுமதிச்சீட்டும் வைத்தது. சுவரை ஒட்டி 15 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டிருந்தபோது, என்னைவிட நீளமான ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. முகமெல்லாம் பச்சையும் நீலமுமாகக் கோலத்தின் சிக்கல் போல வளைந்து வளைந்து ஓடும் கோடுகள். ஒரு கண் என்னைப் பார்த்தது. இன்னொரு கண், அதனோடு தொடர்பே இல்லாததுபோல், பாறையைத் துழாவியது. பிறகு குனிந்து, உடைந்த பவளத் துண்டு ஒன்றை உதட்டால் கவ்விப் புரட்டி, அடியிலிருந்த ஏதோ ஒன்றை உறிஞ்சியது. ஓடு நொறுங்கும் சத்தம் நீருக்குள் எனக்குக் கேட்டது. இதன் தொண்டைக்குள் அம்மிக்கல் போல இன்னொரு பல்வரிசை இருக்கிறது. சங்கு, சிப்பி, நண்டு, கடல்முள்ளி எல்லாம் அங்கேதான் அரைபடுகின்றன. பிற மீன்கள் தொடத் தயங்கும் நச்சுள்ள கடல்முயலையும் பெட்டிமீனையும் இது தின்னும். பவளத்தை உயிரோடு மேய்ந்து வெண்ணெலும்பாக்கிவிட்டுப் போகும் முள்முடி நட்சத்திர மீனையும் தின்னும். அந்த நட்சத்திர மீன் பெருகுவதற்கு இந்த மீன் குறைந்ததுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அதைத் தின்னக்கூடிய உயிரினங்கள் கடலில் மிகச் சில. அவற்றுள் ஒன்றைத் தட்டில் வைத்து முடித்துக்கொண்டிருக்கிறோம்.

பிடிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். பலர் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். உயிரோடு வேண்டும் என்று நீங்கள் கேட்பதால், சயனைடு மாத்திரையைக் கரைத்த பிளாஸ்டிக் புட்டியோடு, கம்ப்ரஸர் குழாயில் மூச்சுவிட்டபடி ஒருவர் இறங்குகிறார். மீன் பொந்துக்குள் ஒளிகிறது. பொந்துக்குள் சயனைடைப் பீய்ச்சுகிறார். மயங்கிய மீனை எடுக்கப் பவளத்தைக் கடப்பாரையால் உடைக்கிறார். மீன் நல்ல நீரில் தெளிந்துவிடும். பவளம் தெளியாது. தூண்டிலிலும் பொறியிலும் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தொட்டியில் நீந்தும் மீனைப் பார்த்து அது எப்படி வந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

இந்த நிலைமையைக் கணக்கிட்டே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் செம்பட்டியலில் 1996இல் இதை அழிவாய்ப்பு இனம் என்று சேர்த்தது. 2004இல் அருகிய இனம் என்று ஒரு படி உயர்த்தியது. முப்பது ஆண்டுகளில், அதாவது இந்த மீனின் மூன்று தலைமுறைகளில், குறைந்தது பாதியாவது குறைந்திருக்கும் என்பது அந்த முடிவின் அடிப்படை. அதே 2004 அக்டோபரில் பாங்காக்கில் கூடிய சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) மாநாடு இதை இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. அதற்கு முந்தைய மாநாட்டில் இதே முன்மொழிவு தோற்றுப்போயிருந்தது. இரண்டாம் பின்னிணைப்பு என்பது முழுத் தடை அன்று. ஏற்றுமதி செய்யும் நாடு, இந்த வணிகத்தால் கடலில் இனத்துக்குக் கேடு வராது என்று ஆராய்ந்து, அனுமதிச் சீட்டோடு அனுப்ப வேண்டும். இந்தோனேசியா ஆண்டுக்கு 8,000 மீன் என்றிருந்த ஒதுக்கீட்டைப் படிப்படியாக ஏறத்தாழ 2,000 அளவுக்குக் குறைத்தது. மாலத்தீவு 1995லேயே ஏற்றுமதியைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 2003 முதல் பிடிக்கவே கூடாது. பலாவு நாட்டிலும் அப்படித்தான்.

தாள் இருக்கிறது, கடலில் என்ன நடக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2006 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா பவளத்திட்டில், மீன்பிடிப்பே கூடாத அந்தப் பாதுகாப்புப் பகுதியில், சீனக் கப்பல் ஒன்று பிடிபட்டது. உள்ளே 30 மீனவர்கள். தொட்டிகளில் உயிரோடு 300க்கும் மேற்பட்ட நெப்போலியன் மீன்கள். ஒரு ஹெக்டேருக்கு 20 என்ற கணக்கை இதோடு பொருத்திப் பாருங்கள். மிகச் செழிப்பான திட்டாக இருந்தாலும், 15 ஹெக்டேரை ஒன்று விடாமல் துடைத்தெடுத்தால்தான் அந்த எண்ணிக்கை வரும்.

ஹாங்காங்தான் இந்த வணிகத்தின் பெரிய சந்தை. அங்கே இந்த மீனை விற்பனைக்கு வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். சட்டத்தை மீறினால் 2018 முதல் 10 ஆண்டுச் சிறை வரையும் ஒரு கோடி ஹாங்காங் டாலர் வரையும் தண்டனை உண்டு. இருந்தும், உரிமத்தில் ஐந்து மீன் என்று காட்டி, ஐந்தையும் விற்றுவிட்டு, வேறு ஐந்தைக் கொண்டுவந்து அதே தொட்டியில் விட்டால் அதிகாரி எப்படிக் கண்டுபிடிப்பார்? தொட்டியில் ஐந்து, தாளிலும் ஐந்து. எங்கள் சரக்கு மேசையில் நடந்த அதே கதைதான். அதற்கு ஹாங்காங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. முகத்தில் கோலம் போல ஓடும் கோடுகள் என்றேனே, அவை மீனுக்கு மீன் வேறுபடுகின்றன. நம் கைரேகை போல. உணவகத் தொட்டியில் இருக்கும் மீனின் முகத்தைப் படமெடுத்து, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, இது அதே மீனா, அதன் இடத்துக்கு வந்த வேறொன்றா என்று சொல்லும் கைப்பேசிச் செயலியை உருவாக்கியிருக்கிறார்கள். தாளில் பெயரை மாற்றி எழுதலாம். முகத்தை மாற்றி எழுத முடியாது.

இதையெல்லாம் நண்பர்களிடம் சொல்லும்போது வரும் மறுமொழிகள் எனக்குப் பழகிவிட்டன. முதலாவது, "இது பண்ணை மீன், கடல் மீன் இல்லை" என்பது. உணவகப் பணியாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் இதைச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருக்கிறது. பண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் கோழிப் பண்ணையைப் போல, முட்டையிலிருந்து குஞ்சு பொரித்து வளர்த்தது என்று நமக்குத் தோன்றுகிறது. நெப்போலியன் மீனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வணிக அளவில் வளர்க்க இன்னும் வழி கிடைக்கவில்லை; பொரித்து வெளிவரும் குஞ்சின் வாய் மிகச் சிறியது, அதற்கேற்ற இரை கொடுத்து உயிர்பிழைக்க வைப்பது பெரும்பாடு. இந்தோனேசியாவின் அனம்பாஸ், நத்துனா தீவுகளில் நடப்பது வேறு. கடலில் பிறந்த குஞ்சுகளைப் பிடித்து, கூண்டில் விட்டு, தட்டின் அளவு வரும்வரை தீனி போட்டு வளர்க்கிறார்கள். தாய் கடலில், குஞ்சு கடலில், கூண்டு மட்டும் பண்ணை. குஞ்சாக இருக்கும்போதே பிடித்தால், அவற்றில் பல எப்படியும் பெரிய மீனுக்கு இரையாகியிருக்கும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் கூண்டிலிருந்து ஒரு மீனும் முட்டையிடும் வயதுக்குத் திட்டுக்குத் திரும்புவதில்லை என்றால், விதைக்காய் கணக்கு அப்படியேதான் நிற்கிறது.

இரண்டாவது மறுமொழி, "நான் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்." இதற்கு நான் வாதாடுவதில்லை. சில்லறை விலையில் கிலோ 100 அமெரிக்க டாலரைத் தாண்டும் மீன் இது. அதை வாங்கும் கூட்டம் ஒன்றும் பெரிதன்று. நம் நகரங்களில் ஓர் ஆண்டில் இந்த மீனை மேசைக்கு வரவழைப்பவர்கள், திருமணம், பதவி உயர்வு, ஒப்பந்தம் கையெழுத்தான இரவு என்று ஏதோ ஒரு காரணத்துக்காக விருந்து வைக்கும் சில ஆயிரம் பேராகத்தான் இருக்க முடியும். அந்தக் கூட்டத்தில் நம் தமிழ் வணிகர்களும் இருக்கிறார்கள்; சீன வாடிக்கையாளரை மகிழ்விக்க வேண்டும் என்று தொட்டியிலேயே விலை கூடிய மீனைச் சுட்டிக்காட்டியவர்களை நான் நேரில் அறிவேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

மூன்றாவது, "மீனவர் பிழைப்பு என்னாகும்?" இதுதான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கும் கேள்வி. சபாவின் செம்போர்ணாவில் கடலை மட்டுமே நம்பி வாழும் பஜாவு குடும்பங்களைப் பார்த்தவன் நான். ஒரு மாமெங் கிடைத்தால் அன்றைய அரிசிக்கும் டீசலுக்கும் வழி பிறக்கும். ஆனால், கைமாறிக் கைமாறி மேசைக்கு வரும்போது ஏறும் விலையில் அவர்கள் கைக்குப் போவது கடைசிப் பங்கு. மீன் அரிதாக அரிதாக மீனவர் இன்னும் ஆழமாக, அந்தக் குழாயோடு, இன்னும் நெடுநேரம் இறங்க வேண்டியிருக்கிறது. குழாய் மடங்கினாலோ, அவசரமாக மேலே வந்தாலோ என்ன ஆகும் என்பதை முக்குளிக்கக் கற்றவன் என்ற முறையில் என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. சிப்பாடானுக்கு வரும் பயணிகள் உயிரோடு நீந்தும் அதே மீனைப் பார்க்கப் பணம் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மை. அந்தப் பணம் பஜாவு வீட்டுக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி, அதை மீன்வளத் துறையிடமும் சுற்றுலாத் துறையிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

உணவக உரிமையாளர்களிடம் நான் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத ஒன்று அன்று. முழு மீன் வேண்டும், உயிரோடு வேண்டும், தட்டில் அடங்க வேண்டும், விருந்தாளிக்கு மதிப்பாகவும் இருக்க வேண்டும் என்றால், அதற்குச் சபாவிலேயே விடை இருக்கிறது. புலிக் கெராப்பையும் பெருங்கெராப்பையும் கலந்து 2006இல் சபா மலேசியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கலப்பின மீன் இன்று கிழக்காசியா முழுவதும் தொட்டிகளில் நீந்துகிறது. சீனர்கள் அதற்கு டிராகனும் புலியும் சேர்ந்த பெயரை வைத்திருக்கிறார்கள். விருந்து மேசையில் சொல்வதற்கு அதைவிடக் கம்பீரமான பெயர் கிடைக்காது. அது முட்டையிலிருந்து பொரிப்பகத்தில் வளர்ந்தது. அதற்குத் தீனியாகச் சிறு மீன்களை அரைத்துப் போடுகிறார்கள் என்ற குறை உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மீனைத் தட்டில் வைப்பதால் எந்தப் பவளத்திட்டின் விதைக்காயும் குறைவதில்லை. உணவுப் பட்டியலில் நெப்போலியன் மீனின் வரியை நீக்கிவிட்டு அதை எழுதுங்கள். "அன்றைய விலை" என்று மட்டும் எழுதி, பெயரைச் சொல்லாமல் பணியாளர் காதோடு சொல்லும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

விருந்து வைப்பவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. தொட்டியின் முன் நிற்கும்போது கண்ணுக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பக்கத்துத் தொட்டிக்கு நகருங்கள். பணியாளர் வற்புறுத்தினால், அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. பெரிய மீன் கிடைத்திருக்கிறது, அரிய வாய்ப்பு என்று ஆசைகாட்டினால், பெரிய பவளத்திட்டு மீன்களில் சிகுவாட்டெரா என்னும் நஞ்சு சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும், அது வேகவைத்தாலும் பொரித்தாலும் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். நெப்போலியன் மீனைத் தின்று அந்த நஞ்சுக்கு ஆளானவர்கள் உண்டு.

சென்ற மாதம் எங்கள் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு விருந்துக்காக ஓர் உணவகத்துக்கு நானே போயிருந்தேன். தொட்டியில் இரண்டு நெப்போலியன் மீன்கள் இருந்தன. இரண்டும் ஒன்றரைச் சாண்தான். உரிமையாளர் பெண்மணி நான் சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். புதிதாக வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு, "சரி, இந்த இரண்டையும் என்ன செய்வது?" என்று கேட்டார். அப்போது எனக்கு விடை தெரியவில்லை. விசாரித்த பிறகு சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கும் வேறு சிலரிடமும் இப்படி ஒன்றிரண்டு மீதமிருக்கக்கூடும். நல்லது செய்வதாக நினைத்துப் படகு பிடித்துப் போய் நீங்களாகவே கடலில் விட்டுவிடாதீர்கள். பல ஊர் மீன்களோடு ஒரே தொட்டி நீரில் கிடந்த மீன் நோயைச் சுமந்து போகலாம். எந்தத் திட்டிலிருந்து வந்ததோ அந்தத் திட்டுக்கே போகும் என்ற உறுதியும் இல்லை. மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். வாங்கிய தாள் இருந்தால் எடுத்து வையுங்கள். அவர்கள் வரும்வரை தொட்டியில் ஒளிந்துகொள்ள ஒரு வளைந்த ஓட்டுத் துண்டையோ குழாய்த் துண்டையோ போட்டு வையுங்கள். இரவில் அது அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
முன்னாள் சரக்கு ஆவண எழுத்தர் ஒருவர்,
கோத்தா கினபாலு